பெண்கள் கபடிப் பட்டியலில் ஒரு திருநங்கை: பொங்கல் போட்டிக்கு என்ன விதி வைக்கலாம்?

மஞ்சக்குப்பம்காரன் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். கடலூர் பக்கத்தில் பொங்கலுக்குப் பெண்கள் கபடி நடத்தும் ஒரு கமிட்டியில் இருக்கிறேன். மண் தரை, சுழற்கோப்பை, முதல் மூன்று இடங்களுக்கு ரொக்கம். ஊர் பெயர், அணிப் பெயர் இங்கே வேண்டாம். சம்பந்தப்பட்டவர் யாரென்று தெரிந்துவிடும்.

இந்த முறை வந்த பட்டியல் ஒன்றில் திருநங்கை ஒருவர் இருக்கிறார். அரசு அடையாள அட்டை சரியாக இருக்கிறது. எடையும் பெண்களுக்கான 75 கிலோவுக்குள்தான். இன்னொரு அணியின் பயிற்சியாளர் நேரில் வந்து, அவர் இறங்கினால் தன் பிள்ளைகளை இறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கோபமாகப் பேசவில்லை. "ஒரு பிள்ளைக்கு முட்டி போனால் அவங்க அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றுதான் கேட்டார்.

கமிட்டியில் பாதிப் பேர் "ஊர்ப் போட்டிதானே, ஆடட்டும்" என்கிறார்கள். மீதிப் பேர் "ரொக்கம் வைத்திருக்கிறோம், தோற்றவர்கள் சும்மா போக மாட்டார்கள்" என்கிறார்கள். ஒருவர் மட்டும் "டாக்டரை வைத்துப் பார்த்துவிடலாம்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. விஷயம் தெரிந்தவர்கள் பேசுங்கள். திட்டுவதற்கு மட்டும் வராதீர்கள்.

உப்பளம் 800:

நான் புதுச்சேரி உப்பளம் இந்திரா காந்தி ஸ்டேடியத்தில் ஓடி வளர்ந்தவள். 800 மீட்டர் என் நிகழ்ச்சி. நேராகச் சொல்லிவிடுகிறேன், என் நிலைப்பாடு பலருக்குப் பிடிக்காது.

பெண்களுக்குத் தனிப் பிரிவு ஏன் வைத்திருக்கிறோம்? 800 மீட்டர் உலக சாதனை ஆண்களுக்கு 1 நிமிடம் 40.91 விநாடி, பெண்களுக்கு 1 நிமிடம் 53.28. பெண்களின் சாதனை 1983-ல் வைத்தது, இன்னும் யாரும் தொடவில்லை. 100 மீட்டரில் 9.58, 10.49. நீளம் தாண்டுதலில் 8.95 மீட்டர், 7.52 மீட்டர். உழைப்பாலும் சத்தான சாப்பாட்டாலும் மூடக்கூடிய இடைவெளி இல்லை இது. பருவ வயதில் உடம்புக்குள் நடப்பதால் வருவது. இந்த இடைவெளி இருப்பதால்தான் எங்களுக்கு ஒரு கோடு போட்டுத் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கோடு கலைந்தால் இறுதி ஓட்டத்தில் எட்டுப் பேரில் யாரோ ஒரு பெண் வெளியே நிற்பாள். அவள் பெயர் எந்தச் செய்தியிலும் வராது.

2020-ல் உலக ரக்பி அமைப்புதான் முதலில் முடிவெடுத்தது. 2022 ஜூனில் நீச்சல், 2023 மார்ச்சில் தடகளம், அதே வருடம் ஜூலையில் சைக்கிள், நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில். எல்லோரும் வந்து நின்ற இடம் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்தவர்கள் சர்வதேசப் பெண்கள் பிரிவில் ஆட முடியாது. இதை வெறுப்பு என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

நம் ஊரில் இது இன்னும் கனமான விஷயம். தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. மாநில அணியில் ஓர் இடம் என்பது ஒரு மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு போலீஸ் வேலை, ரயில்வே வேலை. கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குக் கால்பந்து ஆடி, போலீசில் எஸ்.ஐ. ஆனவர். அவரைப் பார்த்துத்தான் எத்தனையோ வீடுகளில் மகளை மைதானத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த இடத்துக்குப் போட்டி நியாயமாக இருக்க வேண்டும் என்று கேட்பது தப்பா?

பெண்ணையாறு:

நான் திருநங்கை. கடலூர் ஓல்டு டவுன் பக்கம். பள்ளியில் வாலிபால் ஆடினேன். ஒன்பதாம் வகுப்பில் நிறுத்திவிட்டேன். நிறுத்த வைத்தார்கள் என்று சொல்வதுதான் சரி. நடையைப் பார்த்துச் சிரித்தவர்களில் சொல்லிக்கொடுக்க வேண்டியவரும் இருந்தார். உப்பளம் அக்கா, உங்கள் எண்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவற்றை வைத்துப் பேசும்போது யாரை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

எங்களில் பலர் பதினைந்து, பதினாறு வயதில் வீட்டை விட்டு வந்தவர்கள். விடுதி கிடையாது, முட்டை பால் கிடையாது, கோச் கிடையாது. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் மருந்துக் கடையில் வாங்கி ஹார்மோன் போட்டுக்கொண்டு எலும்பு தேய்ந்தவர்களை எனக்குத் தெரியும். அரசு மருத்துவமனையில் இலவச அறுவை சிகிச்சை வந்த பிறகுதான் உயிர் பிழைத்தோம். இந்த உடம்போடு ஒருத்தி பொங்கல் கபடிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்றால், அவள் எத்தனை பேர் கேலியைத் தாண்டி அந்த அணிக்குள் வந்திருப்பாள் என்று யோசியுங்கள். அந்த அணிப் பெண்கள் அவளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதையும் கணக்கில் எடுங்கள்.

டாக்டரை வைத்துப் பார்க்கலாம் என்ற கமிட்டிக்காரருக்கு ஒன்று: எங்களை ஏற்கெனவே வேண்டிய அளவு பார்த்துவிட்டார்கள்.

பிசியோ பாண்டி:

புதுச்சேரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஆய்வுகள் சொல்வதை மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளர்ந்த ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் லிட்டருக்கு சுமார் 7.7 முதல் 29.4 நானோமோல். பெண்களுக்குப் பொதுவாக 2-க்கும் கீழே. பருவ வயதில் இது உயரத்தையும், கை கால் எலும்பின் நீளத்தையும், தோளின் அகலத்தையும், இதயத்தின் அளவையும், தசையையும் வளர்த்துவிடுகிறது. பிறகு மருந்தால் இதன் அளவைக் குறைத்தால் எல்லாம் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. ஹீமோகுளோபின் நாலைந்து மாதத்துக்குள் பெண்களின் அளவுக்கு வந்துவிடும். தசை மெதுவாகத்தான் குறைகிறது. 2021-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் ஒரு வருடத்தில் சுமார் 5 சதவீதம்தான். எலும்பின் நீளம் குறையாது.

அமெரிக்க விமானப்படையின் உடற்தகுதிப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டு வருட ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகு தண்டால், சிட்-அப் இரண்டிலும் திருநங்கையரும் மற்றப் பெண்களும் சமமாகிவிட்டார்கள். ஒன்றரை மைல் ஓட்டத்தில் மட்டும் திருநங்கையர் அப்போதும் 12 சதவீதம் வேகமாக இருந்தார்கள். 2024-ல் ஒலிம்பிக் கமிட்டி நிதியில் வந்த இன்னொரு ஆய்வில் திருநங்கையரின் கைப்பிடி வலு அதிகம். ஆனால் குதிக்கும் உயரமும், உடல் எடைக்கு ஏற்ற ஆக்சிஜன் திறனும் மற்றப் பெண்களைவிடக் குறைவு. பெரிய உடம்பு, குறைந்த தசை. எஞ்சினைச் சின்னதாக்கி அதே லாரியை இழுக்கச் சொல்வது போல.

இவை எதுவும் உலகத்தர வீராங்கனைகளை வைத்து நடந்த ஆய்வுகள் இல்லை. அதனால் "சாதகமே இல்லை" என்று சொல்வதும் தவறு, "ஆணும் திருநங்கையும் ஒன்றுதான்" என்று சொல்வதும் தவறு.

கபடிக்கு வருவோம். கணுக்காலைப் பிடிக்கும் கார்னருக்குக் கைப்பிடி வலு பெரிய விஷயம். பாய்ந்து தாண்டும் ரெய்டருக்குக் குதிப்பும் முதல் அடியின் வேகமும் பெரிய விஷயம். ஒரே ஆள் ஓர் இடத்தில் ஆடினால் சாதகம், இன்னோர் இடத்தில் ஆடினால் பாதகம். அப்புறம் அந்தப் பயிற்சியாளரின் முட்டிக் கவலை. பெண்களுக்கு முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம் என்பது கால்பந்து, கூடைப்பந்து போன்ற ஆட்டங்களில் உறுதியான விஷயம். அதில் பெரும் பகுதி யாரும் இடிக்காமலே, குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் நடக்கிறது. என்னிடம் வரும் கபடிப் பெண்களில் பலருக்கும் அப்படித்தான். தரையை நன்றாகக் கொத்திச் சலித்துத் தண்ணீர் தெளித்து வைத்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

மஞ்சக்குப்பம்காரன்:

ரொம்ப நன்றி பிசியோ சார். 75 கிலோ எடை வரம்பே போதாதா?

பிசியோ பாண்டி:

போதாது. பளுதூக்குதலைப் பாருங்கள், ஒரே எடைப் பிரிவில்கூட ஆண்கள் தூக்குவதும் பெண்கள் தூக்குவதும் எட்ட முடியாத தூரத்தில் இருக்கின்றன. ஒரே எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது வேறு. ஆனால் ஊர்ப் போட்டியில் 48 கிலோப் பிள்ளை 74 கிலோ ஆளிடம் மாட்டுவதைப் பற்றி இதுவரை எந்தப் பயிற்சியாளரும் புகார் கொடுத்து நான் பார்த்ததில்லை. முட்டிதான் கவலை என்றால் அந்த வித்தியாசமும் கவலையாக இருக்க வேண்டும்.

கால்பந்து அப்பா:

என் மகள் கால்பந்து ஆடுகிறாள். தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-ல் மணிப்பூரை வீழ்த்தி தேசியக் கோப்பை வாங்கியதைப் பார்த்து மைதானத்துக்குப் போனவள். இதற்கு எதற்கு இவ்வளவு குழப்பம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லாப் பெண்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். 2025 செப்டம்பரில் இருந்து உலகத் தடகள அமைப்பே எடுக்கிறது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவல், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை. ஆணாக வளரத் தூண்டும் எஸ்.ஆர்.ஒய். மரபணு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். வயது மோசடிக்கு எலும்பு எக்ஸ்ரே எடுக்கிறோமே, அது போலத்தான். சாந்தி விஷயத்தில் முன்னாடியே டெஸ்ட் எடுத்திருந்தால் அவ்வளவு தூரம் போய் அவமானப்பட்டிருக்க வேண்டாம். அவரும் திருநங்கைதானே?

உப்பளம் 800:

இல்லை சார். இதை நான் பதில் சொல்லாமல் விட முடியாது. 800 ஓடிய எந்தத் தமிழ்ப் பெண்ணாலும் விட முடியாது.

சாந்தி சௌந்திரராஜன் திருநங்கை இல்லை. பெண்ணாகப் பிறந்தார், பெண்ணாக வளர்ந்தார், பெண்ணாகவே ஓடினார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளைக் கூலிகளின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். பிறகு பாலினச் சோதனை என்று ஒன்றை வைத்துப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அந்தச் செய்தியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அவர் எந்த விதியையும் மீறவில்லை. எந்த மருந்தும் எடுக்கவில்லை. தன் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஓடினார். பதக்கம் வாங்கியவர் மறுபடி செங்கல் சூளைக்குக் கூலி வேலைக்குப் போனார். பயிற்சியாளர் வேலை கிடைக்க எத்தனையோ வருடம் ஆனது.

நீங்கள் சொல்லும் டெஸ்ட் புதிதும் இல்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இருந்து குரோமோசோம் டெஸ்ட் எடுத்தார்கள். 1985-ல் ஸ்பெயினின் தடை ஓட்டக்காரி மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோ அதில் மாட்டினார். அவருக்கு ஆண்களுக்கு இருப்பது போல எக்ஸ்-ஒய் குரோமோசோம், ஆனால் உடம்பு டெஸ்டோஸ்டிரோனை ஏற்றுக்கொள்ளவே இல்லை. அதாவது அதனால் வரும் எந்தச் சாதகமும் அவருக்கு இல்லை. உதவித்தொகையும் போனது, பதக்கங்களும் போயின. போராடி 1988-ல் அனுமதி வாங்கினார், அதற்குள் ஓட வேண்டிய வயது போய்விட்டது. 1996 அட்லாண்டாவில் இதே எஸ்.ஆர்.ஒய். சோதனையில் எட்டுப் பெண்களுக்கு மரபணு இருப்பதாக வந்தது. எட்டுப் பேரையும் போட்டியிட விட்டார்கள், ஏனென்றால் யாரும் ஏமாற்றவில்லை. 1999-ல் ஒலிம்பிக் கமிட்டி அந்தச் சோதனையையே கைவிட்டது. இப்போது திரும்பி வந்திருக்கிறது.

ஒடிசா ஓட்டக்காரி டூட்டி சந்த் உடம்பில் இயல்பாகவே டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று சொல்லி, 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்கு முன்னால் அவரை நிறுத்தினார்கள். அவர் விளையாட்டு நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2015 ஜூலையில் தீர்ப்பாயம் அந்த டெஸ்டோஸ்டிரோன் விதியை நிறுத்தி வைத்தது. நாட்டுக்காக ஓட அவரால் வழக்குப் போட முடிந்தது. உங்கள் மகளுக்கோ என் தங்கை மகளுக்கோ அது முடியுமா?

பிசியோ பாண்டி:

உப்பளம் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்த மரபணுவை 1990-ல் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரூ சின்க்ளேர். அவரே 2025-ல் இந்த டெஸ்ட்டை எதிர்த்துப் பேசினார். மரபணு இருக்கிறது என்று மட்டும்தான் இது சொல்லும். உடம்பு டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறதா, சுரந்தால் அதை ஏற்கிறதா என்று சொல்லாது. உலகத் தடகள அமைப்பும் இதைத் தெரிந்துதான் டெஸ்டோஸ்டிரோனை உடம்பு முழுவதுமாக ஏற்காதவர்களுக்கு விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் அந்த விலக்கு வரை போக டாக்டர், லேப், ஆலோசனை எல்லாம் வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணிடம் இப்படி ஒரு ரிசல்ட்டைக் கொடுத்துவிட்டு பஸ் ஏற்றி அனுப்ப முடியாது. மாதவிடாயே வராத பெண்கள் இதனால் எங்களிடம் வந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்.

கால்பந்து அப்பா:

சாந்தி பற்றி இவ்வளவு எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். மேல்மட்டத்தில் விதி வேண்டும் என்கிறீர்கள், டெஸ்ட்டும் வேண்டாம் என்கிறீர்கள். பிறகு விதியை எப்படி நடத்துவது?

உப்பளம் 800:

திருநங்கை என்பது மறைத்து வைத்த விஷயம் இல்லை. சான்றிதழ் இருக்கிறது, சிகிச்சைப் பதிவு இருக்கிறது, அவர்களே சொல்கிறார்கள். தேசிய அளவில் ஆட விரும்பும் திருநங்கையிடம் அவருடைய சிகிச்சை விவரத்தை ரகசியம் காத்துக் கேட்பது வேறு. ஒரு திருநங்கையைக் கண்டுபிடிப்பதற்காக ஆயிரம் பெண்களின் மரபணுவைத் துருவுவது வேறு. முதலாவதை நான் கேட்கிறேன். இரண்டாவதை எதிர்க்கிறேன். சர்வதேச அளவில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்கள், அதுதான் எனக்கு வேதனை. பாரிஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை இமான் கெலிஃபைத் திருநங்கை என்று உலகமே எழுதியது. அவர் பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர்.

லெப்ட் கார்னர்:

இதுவரை எழுதியதில் இப்போது கபடி ஆடுகிறவர் யாரும் இல்லை போல. நான் ஆடுகிறேன். கடலூர் மாவட்டம்தான்.

முடியை ஒட்ட வெட்டியிருக்கிறேன், நெஞ்சு தட்டை, குரல் கட்டை. போட்டிக்குப் போன இடத்தில் "இது பையனா?" என்று கூட்டத்தில் இருந்து கத்தியிருக்கிறார்கள். எதிரணி கோச் ஒருத்தர் நடுவரிடம் போய்க் கேட்டே விட்டார். கமிட்டி டாக்டரை வைத்துப் பார்க்கும் என்று விதி போட்டால் முதலில் மாட்டுவது அந்தத் திருநங்கை அக்கா இல்லை, நான். அவரைப் பற்றித்தான் எல்லோருக்கும் தெரியுமே. சந்தேகப்படுவதற்கு எங்களைப் போன்றவர்கள்தான் மிச்சம்.

அடுத்தது. பயிற்சியில் நாங்கள் பையன்களோடுதான் ஆடுகிறோம். கிராமத்தில் பெண்களுக்கு இரண்டு அணி சேராது. அவர்கள் பாடி வரும்போது பிடித்துப் பிடித்துத்தான் எனக்குக் கணுக்கால் பிடி வந்தது. அதில் தோற்றால் எனக்கு ஒன்றுமில்லை. தூக்கிப் போட்டால் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு அடுத்த ரெய்டுக்கு நிற்பேன். பொங்கல் போட்டியிலும் அந்த அக்காவைப் பிடிக்க எனக்குப் பயம் இல்லை. எனக்குப் பயம் மாவட்ட செலக்‌ஷனில். அங்கே பன்னிரண்டு பேர்தான். பதிமூன்றாவதாக வந்தால் அந்த வருடம் போனது. கல்லூரி சீட்டு, விடுதி எல்லாம் அந்தப் பன்னிரண்டில் இருக்கிறது. அங்கே ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்களா என்று எங்கள் கோச்சிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் எனக்கும் அந்த அக்காவுக்கும் ஒரே அளவு ஆபத்து. கடைசி நேரத்தில் யாரோ ஒருத்தர் வாயால் சொல்வதுதான் விதி ஆகிவிடும்.

பெண்ணையாறு:

லெப்ட் கார்னர் தங்கச்சி, நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. செலக்‌ஷன் பற்றி நீ சொல்வதை நான் மறுக்க மாட்டேன். அந்தப் பன்னிரண்டு இடத்தைப் பிடுங்க எங்களில் யாரும் வரவில்லை. விதி எழுதட்டும், எங்களையும் உட்கார வைத்து எழுதட்டும். எங்களைப் பற்றிய எல்லா விதியும் நாங்கள் இல்லாத அறையில்தான் எழுதப்படுகிறது.

நெறியாளர்:

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. திருநங்கையரைக் குறிக்கும் வசைச் சொற்களுக்கு இங்கே இடமில்லை. அந்த அணியின் பெயரை ஊகித்து எழுதிய பதிவும் நீக்கப்பட்டது.

கறுப்புக் கோட்டு:

புதுச்சேரியில் வழக்கறிஞர். சட்டம் எங்கே நிற்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன்.

2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் நல்சா வழக்கில், தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று சொன்னது. 2019-ல் வந்த மத்தியச் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது, மாவட்ட ஆட்சியர் வழியாகச் சான்றிதழ் கொடுக்கிறது. விளையாட்டில் எந்தப் பிரிவு என்று அந்தச் சட்டம் தனியாகச் சொல்லவில்லை. ஆனால் 2022-ல் கேரள உயர் நீதிமன்றத்துக்கு உங்கள் பிரச்சினை போலவே ஒன்று வந்தது. மாவட்ட ஜூடோ போட்டியில் பெண்கள் பிரிவில் ஆட ஒரு திருநங்கை கேட்டார். திருநர்களுக்கென்று தனிப் பிரிவு வைக்கவில்லை என்றால் அவர் தேர்ந்தெடுத்த பிரிவில் ஆட விட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டு நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டப்படும்.

நம் மதுரைக் கிளையின் 2019 தீர்ப்பையும் மறக்காதீர்கள். இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் அதில் திருநங்கையும் அடக்கம் என்று சொன்ன தீர்ப்பு அது. இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையில்லாத அறுவை சிகிச்சையைத் தடுக்கச் சொன்னதும் அதே தீர்ப்புதான்.

ஆகவே கமிட்டிக்கு: உடலைச் சோதிப்பது, சோதிக்கச் சொல்வது, சோதித்ததாக வெளியே பேசுவது, மூன்றுமே வம்பு. தயவுசெய்து அந்த யோசனையைக் கூட்டக் குறிப்பில்கூட எழுதாதீர்கள்.

கால்பந்து அப்பா:

அப்படியென்றால் தனிப் பிரிவு வைத்துவிடுங்களேன். யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை.

பெண்ணையாறு:

ஐயா, கபடிக்கு ஒரு பக்கம் ஏழு பேர். எதிரணிக்கு ஏழு பேர். மாற்று ஆட்களோடு இருபதுக்கு மேல் வேண்டும். கடலூர், விழுப்புரம், பாண்டி மூன்றையும் சலித்தாலும் கபடி தெரிந்த இருபது திருநங்கையரை இந்தப் பொங்கலுக்குள் சேர்க்க முடியாது. 2023-ல் பெர்லினில் நீச்சல் உலகக் கோப்பையில் திறந்த பிரிவு என்று வைத்தார்கள். ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. எல்லோரும் பார்க்க "இதோ நான்தான்" என்று தனியாக நீந்திக் காட்ட யாருக்கு மனம் வரும்?

தனியாக நடத்துவதே கூடாது என்று சொல்லவில்லை. 2017-ல் கேரளா திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் திருவனந்தபுரத்தில் தடகளப் போட்டி நடத்தியது. அரசே நடத்தியது, கொண்டாட்டமாக நடந்தது. அது போல இங்கேயும் வந்தால் முதல் ஆளாக நான் வாலிபாலுக்குப் பெயர் கொடுப்பேன். ஆனால் ஒருத்தியை வெளியே அனுப்புவதற்குச் சாக்காகத் தனிப் பிரிவு என்றால், அது பிரிவே இல்லை, வாசல்.

உப்பளம் 800:

இதில் பெண்ணையாறு சொல்வது சரி. மேல்மட்டத்துக்கு நான் கேட்கும் விதியை ஊர்ப் போட்டிக்கு இறக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உலக ரக்பி அமைப்பு 2020-ல் தடை போட்டபோதுகூட, உள்ளூர் அளவில் அந்தந்த நாட்டுச் சங்கங்கள் நெகிழ்வாக முடிவெடுக்கலாம் என்று விட்டது. ரக்பியை விடவா கபடியில் மோதல் அதிகம்?

ஆனால் ரொக்கப் பரிசு எனக்கு இடிக்கிறது. பணம் வந்ததும் அது ஊர் விளையாட்டு மட்டும் இல்லை. சிறந்த ரெய்டர், சிறந்த கேட்ச்சர் என்று தனிப்பரிசும் கொடுப்பீர்கள். அந்தச் சான்றிதழை யாராவது நாளை எங்காவது காட்டுவார்கள்.

மஞ்சக்குப்பம்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு கமிட்டி கூடியது. இந்த இழையைக் கைப்பேசியில் வைத்துப் படித்துக் காட்டினேன். லெப்ட் கார்னர் எழுதியதைப் படித்தபோது டாக்டர் யோசனை சொன்னவர் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முடிவு இது. அவர் ஆடுவார். அரசு அடையாள அட்டையில் பெண் என்றோ திருநங்கை என்றோ இருந்தால் போதும், வேறு எந்தச் சான்றும் கேட்க மாட்டோம். எந்த வீராங்கனையின் உடம்பைப் பற்றியும் யாரும் ஆட்சேபம் கொடுக்க முடியாது, கொடுத்தால் வாங்க மாட்டோம். இதை நுழைவுப் படிவத்திலேயே அச்சடிக்கிறோம். மைக்கில் வர்ணனை சொல்பவர் கேலி பேசினால் மைக்கை வாங்கிவிடுவோம், கூட்டத்தில் யார் கத்தினாலும் ஆட்டத்தை நிறுத்துவோம். எடை பார்ப்பது பள்ளி வகுப்பறையில், பெண்கள் மட்டும். பிசியோ சார் சொன்னபடி தரையைக் கொத்திச் சலிக்க ஆள் விட்டாயிற்று. பக்கத்தில் ஓர் ஆம்புலன்சும் நிற்கும்.

55 கிலோவுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு பிரிவு வைக்கப் பேசினோம். இந்த வருடம் அணி சேருமா என்று பார்க்கிறோம். முட்டிக் கவலைக்கு இதுதான் நேரான பதில் என்று எனக்குப் படுகிறது.

உப்பளம் அக்கா, ரொக்கத்தை எடுக்க முடியாது. கொடுப்பவர்கள் பெண்களுக்கும் ஆண்கள் அளவு பரிசு என்று கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் சான்றிதழை மாவட்ட செலக்‌ஷனில் கணக்கில் எடுப்பதில்லை, அதை அதிலேயே குறிப்பிட்டு அச்சடிக்கலாம்.

உப்பளம் 800:

அச்சடியுங்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை, ஆனால் எழுதி வைத்த விதி என்பதால் ஏற்கிறேன். கூடவே மாவட்ட, மாநிலச் சங்கங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த நிலையில் யார் ஆடலாம், யாரிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கவே கூடாது, மேல்முறையீடு யாரிடம் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். சீசன் தொடங்குவதற்கு முன்னால். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

லெப்ட் கார்னர்:

நானும். எங்கள் அணி மொத்தமும் போடும்.

பெண்ணையாறு:

நானும் போடுகிறேன். கடிதத்தில் "திருநங்கையர் பிரதிநிதியையும் அழைத்து" என்று ஒரு வரி சேருங்கள்.

மஞ்சக்குப்பம்காரன்:

சேர்த்தாயிற்று. கறுப்புக் கோட்டு சார் வரைவைப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பயிற்சியாளரிடம் இன்று பேசினேன். 55 கிலோப் பிரிவு வந்தால் தன் சின்னப் பிள்ளைகளை அதில் இறக்குகிறேன், பெரிய அணியைப் பற்றிப் பிள்ளைகளிடமே கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். பட்டியல் மூட இன்னும் நாள் இருக்கிறது.